கதைக்கத் தெரிந்தால் போதும்

தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில், பரதநாட்டிய வகுப்பு விளம்பரத்துக்கும் வாடகை அறை விளம்பரத்துக்கும் நடுவில் அந்தத் துண்டு ஒட்டியிருந்தது. கறுப்பு மார்க்கரில் கையெழுத்து. 'வயதுபோன, வருத்தக்காரக் குதிரைகளைப் பார்க்க ஆள் தேவை. சம்பளம் இல்லை. தமிழ் கதைக்கத் தெரிந்தால் போதும்.'

யாரோ பகிடிக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மனைவி அதைப் படம் எடுத்து, நாங்கள் காருக்கு வந்து சேருமுன்னரே என் போனுக்கு அனுப்பிவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை அங்க போய் நில்லுங்கோ. அவளின்ரை அறை வாசலிலை நிக்கிறதுக்கு அது பரவாயில்லை" என்றாள்.

நான் மகளின் அறை வாசலில் நிற்பது உண்மைதான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வருடம் பெப்ரவரியில், பக்கத்து நகரமான லவாலில் இருந்து வரும் நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் அவள் ஓட்டிவந்த கார் சுழன்று, தடுப்புச் சுவரில் மோதியது. பக்கத்து இருக்கையில் இருந்த தோழி அந்த இடத்திலேயே போய்விட்டாள். மகளுக்கு இடுப்பெலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்தன. அவளில் பிழையில்லை என்று பொலிஸ் எழுதிக் கொடுத்தது. கோடை வருவதற்குள் எலும்புகள் பொருந்திவிட்டன. அவள்தான் அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நான் கதவில் காதை வைப்பேன். கேட்டால் போவேன். பத்து நிமிடத்தில் திரும்பி வருவேன்.

இதற்குள் இன்னொன்றும் இருந்தது. அதை நான் மட்டும் அறிவேன். தோழியின் தாய் எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் வந்தார். ஹெய்ட்டிக்காரர், லாசாலில், எங்களுக்குப் பத்துத் தெரு தள்ளி, தெபனர் என்று சொல்லும் சின்ன மூலைக்கடை வைத்திருக்கிறார். இரண்டு தரமும் கதவைத் திறந்தவன் நான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என் பிள்ளையிடம் என்ன கேட்கப் போகிறார் என்ற பயத்தில், கதவைப் பாதி மூடிப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "எல் டோர், எல் டோர்" என்றேன். அவள் தூங்குகிறாள். அவர் ஏதோ சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். பிறகு மகள் ஒருநாள், "அன்ரி வரேல்லையோ?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தத் தாய் தன்னை வெறுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், இப்போது சொன்னால் இன்னும் உடைந்துபோவாள் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தத் தாயின் கடையிருந்த தெருவால் காரோட்டுவதையும் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட ஒரு ஆளாகத்தான் நான் நகருக்கு வெளியே, மெர்சியே பாலம் தாண்டி, சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்த அந்த வாடகைக் குதிரைக் கொட்டிலுக்குப் போய் நின்றேன்.

துண்டை ஒட்டிய பெண்ணுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மட்டக்களப்பு ஆள். கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் முழங்கால்வரை றப்பர் பூட்ஸ், தலையில் யாரோ எறிந்த ஹொக்கித் தொப்பி. டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். உதவிக்கு வரும் கியூபெக் கிழவர்கள் இரண்டு பேர், அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து 'மதாம் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை. ஊரில் குதிரை வைத்திருந்தீர்களா என்று புதிதாக வரும் தமிழர்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

"மாடே வச்சிருக்கல்ல" என்றார்.

எட்டுக் குதிரைகள் நின்றன. நகரத்தில் குதிரை வண்டிச் சவாரியைத் தடை செய்த பிறகு போக்கிடம் இல்லாமல் போனவை சில. பந்தயத்தில் ஓடி முழங்கால் போனவை சில. ஒன்றுக்குப் பல்லே இல்லை. தவிட்டைச் சுடுநீரில் கூழாக்கி வைக்க வேண்டும். ஒன்றுக்கு மூச்சு இழுப்பு. அதன் புல்லைத் தூசி அடங்கத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்கலாம். கடைசித் தடுப்பில் நின்றது சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. இரண்டு கண்ணும் பால் படர்ந்து முழுக் குருடு. மற்றக் குதிரைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தன. இதை மட்டும் அவர் 'புள்ள' என்று கூப்பிட்டார்.

தமிழ் எதற்கு என்பது அந்தக் குதிரையால்தான் எனக்கு விளங்கியது. பழைய துறைமுகப் பக்கம் வண்டி இழுத்த காலம் முழுக்க அது பிரெஞ்சில்தான் ஏச்சும் அடியும் வாங்கியிருக்கிறது. பிரெஞ்சு கேட்டால் இப்போதும் அதன் தோல் முழுவதும் இறுகும். மிருக வைத்தியர்கூட அதன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் கைச்சாடைதான் காட்டுவார்.

"தமிழ்ல இவளுக்கு ஆரும் அடிச்சதில்ல" என்றார் அக்கா.

அங்கே ஒரு விதிதான் இருந்தது. செய்யப்போவதை முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடக்கூடாது. அவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். வாளி வருது. கை குளிரும். முன்காலைத் தூக்குறன். இது ஊசி, நோகும். நோகாது என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்கவில்லை. பல் டொக்டரில் இருந்து பள்ளிக்கூடம்வரை பிள்ளைகளுக்கு நோகாது நோகாது என்று சொல்லியே வளர்த்தவன் நான். எனக்கு அது கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாத பழக்கமாகப் பட்டது.

மனிதர்களுக்கும் அவர் அப்படித்தான். ஒரு பழைய வண்டிக்காரர், தொண்ணூறு கிலோ ஆள், தன்னுடைய குதிரையைப் பார்க்க வந்தார். அப்பிள் கொண்டுவந்திருந்தார். குதிரை நொண்டுவதைப் பார்த்து, வயதாகிவிட்டது என்று கவலைப்பட்டார். வயதால் அல்ல, கல் வீதியில் நீ ஓட்டிய ஓட்டத்தால் என்று அக்கா தன் சமையலறைப் பிரெஞ்சில் சொன்னார். குரல் உயரவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. வண்டிக்காரர் புல்லுக்கட்டில் இருந்துவிட்டார். இனி வரமாட்டார் என்று நான் நினைத்தேன். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்து சாணம் அள்ளினார். ஆனால் எல்லோரும் அப்படித் திரும்பி வரவில்லை. லவாலில் இருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண், நல்ல கைராசிக்காரி. அவரிடம் அக்கா, உங்கள் இடது கை நடுங்குகிறது, டொக்டரிடம் காட்டுங்கள் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றி வேலிக் கட்டையில் கொழுவிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

"தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார். "எனக்கு அந்தப் பக்குவம் வரல்ல தம்பி."

ஒக்டோபரில் பல்லில்லாத குதிரை படுத்துவிட்டது. இனி எழும்பாது என்று வைத்தியர் சொன்னார். அக்கா நிலத்தில் அமர்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இது கடைசி ஊசி, இதுக்குப் பிறகு நீ எழும்பமாட்டாய், நான் இங்கதான் இரிக்கிறன் என்று சொன்னார். ஊசியைப் பிடித்தபடி வைத்தியர் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தேன். பிறகு கேட்டேன், அதுக்கு இதெல்லாம் விளங்குமா என்று.

"விளங்காதாக்கும். எனக்கு விளங்கணுமே" என்றார்.

அன்றைக்குத்தான் அக்கா தன் தாயின் கதையைச் சொன்னார். புல்லை ஊறப்போட்டுக்கொண்டே, யாருடையதோ கதைபோலச் சொன்னார். தாய் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, புற்றுநோய் என்று தாய்க்குத் தெரியக்கூடாது என்று சகோதரங்கள் எல்லோரும் முடிவெடுத்திருந்தார்கள். சாதாரண வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தாய் இவருக்குப் போன் எடுத்து, உண்மையைச் சொல்லு, எனக்கு என்ன என்று கேட்டார். இவர் சொல்லிவிட்டார்.

"அம்மா என்ன சொன்னவா?"

"போனைத் தங்கச்சியிட்டக் குடுத்துட்டா. பிறகு என்னோட கதைக்கல்ல. பதினேழு நாள் உசிரோட இருந்தவ."

தங்கச்சியும் இன்றுவரை கதைப்பதில்லை. நீங்கள் செய்தது சரி என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் புல்லைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குமிழிகள் வந்து நின்றன.

"தெரியா தம்பி. ஆனா இன்னொருக்காக் கேட்டாலும் சொல்லுவன்."

அவரை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், அந்த நாட்களில் எனக்கே தெளிவில்லை. ஞாயிறு விடிந்தால் போகாமல் இருக்க முடியாது. போனால், அவர் திரும்பி என்னைப் பார்த்து ஏதும் சொல்லிவிடுவாரோ என்ற அவதியும் கூடவே இருக்கும்.

என் பிழை நவம்பரில் நடந்தது.

அந்தக் குருட்டுக் குதிரைக்கு 'வாறன்' என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஆள் கிட்ட வருகிறது, இந்தப் பக்கத்தால் வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் அது சத்தம் வந்த திசைக்குத் திரும்பி ஓரடி முன்னால் வரும். புறப்படும்போது அதன் பக்கத்தில் 'போறன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். என்னால் அது முடியவில்லை. ஒரு வாசலில் நின்று 'போறன்' என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. விபத்து நடந்த அன்று மட்டும் என் மகள் படியிறங்கும்போது "போறன் அப்பா" என்றுதான் சொல்லிப்போனாள். 'போட்டு வாறன்' என்று சொல்லு என்று கூப்பிட்டுத் திருத்தாமல் விட்டேனே என்று நான் அழுத நாட்கள் உண்டு. படித்தவன்தான், ஊரில் கணித ஆசிரியராக இருந்தவன். ஆனாலும் அழுதேன். அதனால் குதிரையிடமும் ஒன்றும் சொல்லாமல், அது புல்லில் வாய் வைத்திருக்கும் நேரம் பார்த்து மெல்ல நழுவுவதை வழக்கமாக்கியிருந்தேன்.

அன்றைக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் காலையில் இருந்து சாப்பிடவில்லை, கதவைத் திறக்கவும் இல்லை என்று மனைவி சொன்னாள். நான் அவசரத்தில் குருட்டுக் குதிரை நின்ற தடுப்பின் இரும்புப் படலையைப் பாதி திறந்தபடி விட்டு, காரை நோக்கி ஓடிக்கொண்டே, கொட்டிலின் மறுகோடியில் நின்ற அக்காவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"அக்கா, அப்ப நான் வாறன்."

பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குதிரை என் குரலுக்கு வந்திருந்தது. படலையின் விளிம்பு அதன் நெஞ்சைக் கிழித்திருந்தது. அது பின்வாங்கவில்லை. காதை என் பக்கம் நீட்டியபடி, நான் கிட்ட வருவேன் என்று காத்துக்கொண்டு நின்றது. இரத்தம் முன்காலால் இறங்கியது.

வைத்தியர் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அக்கா ஒரு சொல்லும் ஏசவில்லை. துவாயால் காயத்தை அமுக்கிப் பிடித்திருந்தார். தையல் போடத் தொடங்கும்போது என்னைத் தலைமாட்டுக்குக் கூப்பிட்டார்.

"நீங்க கதையுங்க."

"நானோ? என்ரை சத்தத்துக்குத்தானே அக்கா..."

"அதுக்குத்தான். உங்கட சத்தத்துக்கு வந்து வெட்டுப்பட்டவள். உங்கட சத்தத்தோடதான் ஆறணும். இல்லாட்டி உங்களை இனி அண்டாள். நிப்பாட்டாமக் கதையுங்க."

நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொன்னேன். பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸின் தரிப்பிடங்களை வரிசையாகச் சொன்னேன். வைத்தியர் மூன்றாவது தையலில் இருந்தார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஊசி ஏறும்போதெல்லாம் குதிரையின் உதடு என் சட்டைக் கையைப் பிடித்துப் பிடித்து விட்டது. நான் நிறுத்தினால் அது தலையைத் தூக்கியது. அப்போதுதான் வந்தது. கதவு, எல் டோர், இரண்டு தரம், அன்ரி வரேல்லையோ, இல்லை. குதிரையின் காதுக்குள் முழுவதையும் சொன்னேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குத் தெரியும்.

வைத்தியர் கை கழுவிப் போன பிறகு அக்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஏன் இதைச் சொன்னீங்க?"

"உங்களுக்குச் சொல்லேல்லை. குதிரைக்குத்தான் சொன்னனான்."

"குதிரை கேட்டுட்டு. இனி அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க."

"இப்ப சொன்னால் அவள் தாங்கமாட்டாள் அக்கா."

"நீங்க தாங்கமாட்டீங்க" என்றார். கயிற்றை ஆணியில் கொழுவினார். "அடுத்த ஞாயிறுக்குள்ள சொல்லுங்க. சொல்லாட்டி இஞ்ச வராதீங்க. ஒண்டை ஒளிச்சிக்கிட்டு வாற ஆள்ர கை வேற மாதிரித்தான் தொடும். இதுகளுக்குத் தெரியும்."

பாலத்தில் கார்கள் நகராமல் நின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரை வாய்விட்டுத் திட்டினேன். தாயின் கடைசிப் பதினேழு நாளையும் உண்மை சொல்லிக் கெடுத்த மனிசி, என் வீட்டு விஷயத்தில் தவணை வைக்க யார்? குதிரைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத மனிசி. வீட்டுக்குப் போனபோது மகள் இரண்டு பிஸ்கட் தின்றிருந்தாள் என்று மனைவி சொன்னாள். நான் அறை வாசலில் போய் நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். வேலையிடத்தில் பெட்டிகளில் இலக்கம் சரிபார்ப்பவன் நான். அந்தக் கிழமை இரண்டு தடவை பிழையான பெட்டிகளை அனுப்பிவிட்டேன். மனைவியிடம் முதலில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு தரம் வந்தவாவோ?" என்று மட்டும் கேட்டாள். அன்று என்னோடு சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மகளின் கதவைத் தட்டினேன். உள்ளே போய், நின்றபடியே சொன்னேன்.

"நான் உனக்கு ஒண்டு சொல்லப்போறன். உனக்கு நோகும். என்னிலை கோவம் வரும்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சொன்னேன். அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. கட்டிலில் நிமிர்ந்து இருந்து கேட்டாள்.

"என்ன சொன்னவா?"

"எனக்கு விளங்கேல்லை."

அது முழு உண்மையில்லை. விளங்கிக்கொள்ள நான் அங்கே நிற்கவில்லை. அதையும் சொன்னேன்.

"ஞாபகம் இருக்கிற சத்தத்தைச் சொல்லுங்கோ."

"சத்தமோ?"

"ஓம். எப்பிடிக் கேட்டுதோ அப்பிடி."

கண்ணை மூடிக்கொண்டு வாசலை நினைத்துப் பார்த்தேன். பனி. அவருடைய ஊதாச் சால்வை. கதவு முக்கால்வாசி மூடிவிட்டிருந்தது. "கடைசியா ஒண்டு. ரெண்டு தரம் வந்த நேரமும் அதைத்தான் சொன்னவா. ஜ லத்தோ. ஜ லத்தோ எண்டு."

மகளின் முகம் மாறியது. ஒன்பது மாதமாக நான் பார்க்காத ஒரு அசைவு அது.

"'அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறன்' எண்டு என்னைத்தான் சொல்லியிருக்கிறா" என்றாள். பிறகு சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. நீங்கள் உள்ளுக்கு வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அவள் பின்சீற்றில் இருந்தாள். பத்துத் தெருவையும் கடந்தோம். கடைக்கு எதிரே நிறுத்தினேன். முதல் பனி விழுந்து உருகாமல் கிடந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, இடுப்பு நோகாமல் பார்த்துப் பார்த்துத் தெருவைக் கடந்தாள். கடைக்குள் போவது தெரிந்தது. கண்ணாடியில் பியர் விளம்பரங்கள் மறைத்ததால் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிடம். ஏழு. என் கை கதவுப் பிடியில் இருந்தது. உள்ளே சத்தம் போடுகிறார்களோ, மகள் விழுந்துவிட்டாளோ, ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமோ. அக்காவுக்கு இன்றைக்கு வர முடியாது என்று சொல்லவேண்டியதும் இருந்தது. போன் எடுத்தேன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ குதிரை தும்மியது.

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கடைக்கு முன்னாலை. காருக்குள்ளை."

"ம்."

அதற்குள் கடையின் உள்ளே இருந்து ஒரு கை வந்தது. ஊதாக் கம்பளிக் கை. கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பிவிட்டு மறைந்தது. பகல் பன்னிரண்டு மணி. வருடத்தில் ஒருநாளும் பூட்டாத தெபனரின் கதவில் 'பூட்டியிருக்கிறது' என்ற பிரெஞ்சு எழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

அதை அக்காவிடம் சொன்னேன். போய்த் தட்டட்டுமா என்று கேட்டேன்.

அவர் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எதையோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

"தம்பி, எஞ்சின் ஓடுதென்ன?"

"ஓம் அக்கா. வெளியிலை குளிர்."

"நிப்பாட்டுங்க. அவள் வாறவரைக்கும் அங்கயே இரிங்க."

நிறுத்தினேன். ஹீற்றரின் காற்றாடி ஓய்ந்தது. கால்மாட்டில் இருந்து குளிர் ஏறத் தொடங்கியது. கோட்டின் பட்டனைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்தபடி இருந்தேன்.